ஒரு வேரும் ஒரு விதையும்

பூனைக்காலிக் கொடி காய்க்கும் பருவத்தில் விவரம் தெரிந்தவர்கள் அந்தப் புதர்ப் பக்கம் போவதில்லை. காயை மூடியிருக்கும் பழுப்புச் சுணை தோலில் பட்டுவிட்டால் அரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும். சொறியச் சொறியப் பரவும். ஆனால் காய்க்குள் இருக்கும் விதை வழவழப்பானது, தொட்டால் ஒன்றும் செய்யாது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் அதற்கு இடமுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர்கள் அதை உணவாகவும் உண்கிறார்கள். ஆனால் அப்படியே சமைப்பதில்லை. வேகவைத்து நீரை வடித்து, மறுபடி நீர் ஊற்றி வேகவைத்து, பலமுறை இப்படிச் செய்த பிறகே சாப்பிடுவார்கள். சரியாக வடிக்காமல் தின்றால் குமட்டும், தலை சுற்றும், வாந்தி வரும். அந்த வாந்திக்குக் காரணமான பொருள்தான் இந்த அத்தியாயத்தின் கதை.

1937-இல் சென்னை சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் லெவோடோபா, சுருக்கமாக டோபா. புதிய பொருளல்ல. 1913-இலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் அவரை வகைப் பயறு ஒன்றிலிருந்து அதைப் பிரித்து, இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்து, கடுமையாக வாந்தியெடுத்திருந்தார். சேப்பாக்கத்துக் கட்டுரை இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியானது. இந்தப் பொருள் ஒரு நாள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை எழுந்து நடக்க வைக்கும் என்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. நடுவில் இன்னொரு இந்தியச் செடி உள்ளே வர வேண்டியிருந்தது.

அதற்கு முன் நோயைப் பார்ப்போம்.

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் விவரித்த நோயாளிகள் மொத்தம் ஆறே பேர். அவர்களில் எல்லாரும் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள்கூட இல்லை. சிலரை அவர் தெருவில் நடந்து போகும்போது கவனித்தார், அவ்வளவுதான். கை ஓய்வில் இருக்கும்போது நடுங்குகிறது, உடல் முன்னால் சாய்கிறது, நடை தானாக ஓட்டமாகிறது என்று அவர் எழுதியது இருநூறு ஆண்டு கழித்தும் பிழையில்லாமல் நிற்கிறது. இதைவிட நல்ல மருத்துவக் கவனிப்பை நான் அதிகம் படித்ததில்லை. பின்னாளில் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ இந்த நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார்.

நம் ஊரில் இதை நடுக்குவாதம் என்பார்கள். நடுக்கம் கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் நோய் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் நடுக்கமே இல்லாமலும் பார்க்கின்சன் வரும். நோயாளியை உண்மையில் முடக்குவது நடுக்கமல்ல, மந்தம். சட்டைப் பொத்தான் போடும் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். விரல்கள் பொத்தானைப் பிடிக்கின்றன, துளைவரை கொண்டுபோகின்றன, அங்கே நின்றுவிடுகின்றன. முதல் பொத்தானுக்கு ஆன நேரத்தைவிட இரண்டாவதற்கு அதிகம், மூன்றாவதற்கு இன்னும் அதிகம். கையெழுத்து வரியின் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போகப் பொடியாகிவிடும். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பும்போதுதான் சில குடும்பங்கள் விழித்துக்கொள்கின்றன. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. கண் இமைப்பது குறையும், முகத்தில் பாவம் மறையும். தோள் வலி என்று எலும்பு மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைந்த பிறகு நரம்பியல் மருத்துவரிடம் வருபவர்கள் உண்டு. மலச்சிக்கல், மோப்பம் மங்குதல், தூக்கத்தில் கை கால் உதறிக் கத்துதல் ஆகியவை இதற்கெல்லாம் பல வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

இவ்வளவுக்கும் தசையில் பலக்குறைவு இல்லை. கையைப் பிடித்துப் பாருங்கள், இறுக்கமாகத் திருப்பிப் பிடிப்பார். அதனால்தான் வீட்டில் “வேணும்னே பண்றார்”, “எல்லாம் சோம்பல்” என்ற பேச்சு வருகிறது. “அப்பா, நேத்து நல்லாத்தானே நடந்தீங்க, இன்னைக்கு என்ன?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நேற்று நடந்ததும் உண்மை, இன்று முடியாததும் உண்மை. ஒரே நாளில் காலையில் முடிந்தது மாலையில் முடியாமல் போவது இந்த நோயின் இயல்பு. அந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாம் ஓர் அசைவைச் செய்யும்போது மூளை அதைப் புதிதாக உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். மூளையின் ஆழத்தில், பேசல் கேங்லியா எனப்படும் நரம்புத் திரள்களில், நடப்பது வேறு. அங்கிருந்து வெளியே போகும் கட்டளை இடைவிடாத தடைக் கட்டளை. ஏரியில் தண்ணீர் தளும்ப நிற்கிறது, மதகு மூடியிருக்கிறது. எந்த வயலுக்குப் பாய வேண்டுமோ அந்த மதகை மட்டும் தூக்கினால் போதும். அப்படித்தான் இங்கும். எழு, நட, எழுது என்ற அசைவுகள் தயாராகவே நிற்கின்றன. வேண்டிய ஒன்றின் மேலுள்ள தடையை மட்டும் விலக்கி, மற்றவற்றை அமுக்கி வைப்பது இந்தத் திரள்களின் வேலை. விலக்குவதை எளிதாக்கும் வேதிப்பொருள் டோபமைன். அது நடுமூளையில் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்ற கருநிறத் திட்டிலுள்ள நரம்பணுக்களில் சுரந்து, அவற்றின் நீண்ட இழைகள் வழியாக ‘ஸ்ட்ரையேட்டம்’ என்ற திரளை அடைகிறது. பார்க்கின்சன் நோயில் அந்தக் கருந்திட்டு வெளிறிப்போகிறது. 1919-இல் பாரிஸில் ட்ரெட்டியாகாஃப் என்ற இளம் மருத்துவர் தன் ஆய்வேட்டில் இதைக் காட்டினார். அணுக்கள் அங்கே மெல்லச் சாகின்றன. ஸ்ட்ரையேட்டத்தின் டோபமைன் பெரும்பகுதி தீர்ந்த பிறகே வெளியே அறிகுறி தெரிகிறது. அதுவரை மீதி இருப்பதை வைத்து மூளை ஒப்பேற்றுகிறது.

தடை விலகாவிட்டால் மந்தம். தடை நிற்காவிட்டால் அதற்கு நேர்மாறு. ஹண்டிங்டன் நோயில் ஸ்ட்ரையேட்டத்தின் அணுக்களே அழிகின்றன. அவற்றுள் முதலில் போவது வேண்டாத அசைவுகளை அமுக்கும் வழியைச் சேர்ந்தவை. தோள் குலுங்கும், விரல் துள்ளும், முகம் சுளிக்கும், எதுவும் அவர் நினைத்துச் செய்வதல்ல. 1872-இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தார். அவருடைய தந்தையும் தாத்தாவும் அவரது சொந்த ஊரில் மருத்துவர்கள். மூன்று தலைமுறையாக அதே குடும்பங்களைப் பார்த்து வந்ததால்தான் நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது பிடிபட்டது. அதற்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய்க்கு ஒரு தனி நூலே வேண்டும். இங்கே அதைச் சொன்னது ஒரே அமைப்பு இரு பக்கமும் பழுதாகலாம் என்று காட்டத்தான்.

இனி வேர். சர்ப்பகந்தி என்ற சிறு செடியின் வேரை வடநாட்டு வைத்தியர்கள் சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்துவந்தார்கள். 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் போஸ் இருவரும் அது ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதழில் வெளியிட்ட பிறகு மேல்நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-இல் பாசல் நகரின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தது. ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது ஏராளமாகக் கொடுக்கப்பட்டது. அப்போது ஒன்று தெரியவந்தது: சாப்பிட்டவர்களில் சிலர் விறைத்து, மெதுவாகி, கை நடுங்கி, பார்க்கின்சன் நோயாளிகள் மாதிரி ஆனார்கள். மருந்தை நிறுத்தினால் சரியானது.

சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் இந்த நூல்முனையைப் பிடித்தார். 1957-இல் அவரும் தோழர்களும் முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார்கள். முயல்கள் காதைத் தொங்கவிட்டு, தொட்டாலும் அசையாமல் கிடந்தன. ரெசர்பின் மூளையின் செரோடோனினைத் தீர்க்கிறது என்று முன்பே தெரியும். ஆகவே செரோடோனினாக மாறும் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள், முயல் எழவில்லை. டோபாவைக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் காது நிமிர்ந்தது, முயல் நடந்தது. டோபா உடலில் முதலில் டோபமைனாகவும், பிறகு அதிலிருந்து நார்அட்ரினலினாகவும் மாறும். ஆனால் எழுந்து நடந்த விலங்கின் மூளையில் நார்அட்ரினலின் கூடியிருக்கவில்லை. அதுவரை இடைப்பொருள் என்று மட்டும் எண்ணி ஒதுக்கப்பட்ட டோபமைன்தான் வேலை செய்திருக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்காகக் கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

முயலில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? வியன்னாவில் ஓலே ஹார்னிக்கீவிச் அதை நேரடியாகப் பார்க்க முடிவு செய்தார். பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையிலிருந்து ஸ்ட்ரையேட்டத்தை எடுத்துச் சாறாக்கி, அயோடின் வினை செய்தார். டோபமைன் இருந்தால் சாறு இளஞ்சிவப்பாகும். மற்றவர்களின் மூளைச்சாறு இளஞ்சிவப்பானது. பார்க்கின்சன் நோயாளியின் சாற்றில் நிறமே ஏறவில்லை. கருவி எதுவும் அளந்து சொல்வதற்கு முன், வெறுங்கண்ணாலேயே தெரிந்தது. எரிங்கர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1960-இல் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரையில் ஹண்டிங்டன் நோயாளிகளின் மூளைகளும் இருந்தன. அவற்றில் இப்படி ஒரு பற்றாக்குறை இல்லை. மூளையின் ஒரு நோய்க்கு ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளின் குறை காரணம் என்று இவ்வளவு தெளிவாக முதலில் காட்டியது இந்த வேலைதான். நோபல் குழு அவரை விட்டுவிட்டது. உலகெங்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். எனக்கும் அது அநியாயமாகவே படுகிறது.

இல்லாததைக் கொடுத்தால் போதுமே என்று கேட்கலாம். டோபமைனை ஊசியில் ஏற்றினால் அது மூளைக்குள் நுழையாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு விடாது. ஆனால் டோபா ஓர் அமினோ அமிலம். உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களை உள்ளே விடும் வாசல் அதையும் விட்டுவிடும். உள்ளே போன பிறகு அது டோபமைனாக மாறும். சேப்பாக்கத்தில் விதையிலிருந்து பிரித்த பொருளுக்கு இப்போதுதான் வேலை வந்தது. 1961 ஜூலையில் வியன்னா முதியோர் மருத்துவமனையில் வால்டர் பிர்க்மயர் என்ற மருத்துவர் லெவோடோபாவை ரத்தக்குழாயில் ஏற்றினார். படுத்தே கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் நடந்தார்கள். முணுமுணுப்பாய் இருந்த குரல் தெளிந்தது. சில மணி நேரம்தான். பிறகு பழைய நிலை.

மற்றவர்கள் செய்து பார்த்து, பலன் இல்லை என்றார்கள். வாய்வழி கொஞ்சமாகக் கொடுத்தால் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை, அதிகமாகக் கொடுத்தால் வாந்தி. 1967-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கோட்சியாஸ் என்ற கிரேக்க மருத்துவர் இதற்குப் பொறுமையால் விடை கண்டார். மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டி, நாளுக்குப் பல கிராம் வரை கொண்டுபோனார். வயிறு பழகியது, நோயாளி எழுந்தார். அதன் பிறகு கார்பிடோபா வந்தது. இது டோபா மூளைக்கு வெளியே டோபமைனாக மாறுவதைத் தடுக்கிறது. தான் மூளைக்குள் போவதில்லை. அதனால் குமட்டல் குறைந்தது, டோபாவின் அளவையும் வெகுவாகக் குறைக்க முடிந்தது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை இந்த இரண்டும் சேர்ந்ததுதான். அரை நூற்றாண்டு ஆகியும் இதை மிஞ்சிய மருந்து வரவில்லை.

ஆனால் இது அணுக்கள் சாவதை நிறுத்துவதில்லை. முதல் சில ஆண்டுகள் நாளுக்கு மூன்று மாத்திரையில் நாள் முழுவதும் சீராக ஓடும். மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் டோபமைனைச் சேமித்து வைத்துச் செலவழிப்பதால் அது முடிகிறது. அணுக்கள் குறையக் குறையச் சேமிக்க இடமில்லை. மாத்திரை போட்டு அரை மணியில் உடம்பு இளகும், மூன்று மணி நேரத்தில் மறுபடி கட்டிப்போடும். “மருந்து ஏறிடுச்சு”, “மருந்து இறங்கிடுச்சு” என்று வீட்டில் ஒரு புதுப் பேச்சுவழக்கே உருவாகிவிடும். ஏறிய நேரத்தில் சிலருக்கு உடல் தானாக நெளிந்து ஆடும். பார்ப்பவர்கள் இதை நோய் முற்றியது என்று எண்ணுகிறார்கள், அது மருந்தின் விளைவு. அளவையும் இடைவெளியையும் மாற்றினால் பெரும்பாலும் குறையும்.

அதனால் நேரம் முக்கியம். சாப்பாடும் முக்கியம். டோபா நுழையும் வாசல் புரத உணவின் அமினோ அமிலங்களுக்கும் பொது என்றேன். முட்டையோ பருப்போ நிறையத் தின்றுவிட்டு உடனே மாத்திரை போட்டால் வாசலில் நெரிசல். மருந்து பிந்தும், சிலருக்கு ஏறவே ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். குமட்டுகிறவர்கள் ஒரு பிஸ்கட்டோடு போடலாம், பெரிய சாப்பாட்டோடு வேண்டாம்.

மருந்தின் ஏற்ற இறக்கம் தாங்க முடியாமல் போகும்போது சிலருக்கு மூளைக்குள் மின்முனை வைக்கும் சிகிச்சை உதவுகிறது. அதன் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1982-இல் கலிபோர்னியாவில் போதைப் பொருள் ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென விறைத்துப்போனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கினார்: கள்ளத்தனமாகத் தயாரித்த சரக்கில் எம்.பி.டி.பி. என்ற நச்சு கலந்திருந்தது, அது கருந்திட்டின் அணுக்களைக் கொன்றிருந்தது. அந்த நச்சைக் குரங்குகளுக்குக் கொடுத்து நோயை உண்டாக்கிப் பார்த்தபோது, ‘சப்தலாமிக் நியூக்ளியஸ்’ என்ற சிறு திரள் அளவுமீறி இயங்குவது புலப்பட்டது. 1990-இல் டிலாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதைச் செயலிழக்கச் செய்தபோது குரங்குகள் மறுபடி நடமாடின. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட், நடுக்கத்துக்கு 1987 முதலே தலாமஸில் மின்தூண்டல் செய்துவந்தவர், அடுத்த சில ஆண்டுகளில் மின்முனையை இந்தத் திரளுக்குக் கொண்டுபோனார். இன்று சென்னையிலும் இந்த அறுவை நடக்கிறது. எல்லாருக்கும் ஏற்றதல்ல, மாத்திரைக்கு நன்றாக இளகும் உடம்புதான் இதற்கும் இளகும்.

மருந்தும் கத்தியும் இல்லாத ஒன்றும் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கும்வரை நம்புவது கடினம். நடந்து வந்தவர் நிலைப்படி அருகே கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். பின்னாலிருந்து தள்ளினால் விழுவார். தரையில் குறுக்குக் கோடு ஒன்றைக் காட்டி, இதைத் தாண்டுங்கள் என்றால் கால் தூக்கித் தாண்டிவிடுவார். லண்டனில் பர்டன் மார்ட்டின் 1960-களில் தரையில் கோடுகள் வரைந்து இதை முறையாகச் சோதித்தார். 2010-இல் நெதர்லாந்தின் புளோம் என்ற மருத்துவர், நாலு அடி நடக்க முடியாத ஒரு நோயாளி சைக்கிளில் ஏறிச் சரளமாக ஓட்டிப்போவதைப் படம்பிடித்து வெளியிட்டார். தானாக எழும் அசைவுக்குப் பேசல் கேங்லியாவின் தயவு வேண்டும். கண்ணில் கண்ட ஒன்றை நோக்கி எழும் அசைவு வேறு வழியாகவும் போக முடிகிறது. குளியலறை வாசலிலும் கட்டில் அருகிலும் அடியளவுக்கு ஒரு வண்ண டேப் ஒட்டிவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. நின்றுவிட்டவரை அவசரப்படுத்தாமல் “இடது கால்... ஒன்று” என்று எண்ணிக்கொடுத்தாலும் நகர்வார்.

அப்படியானால் பூனைக்காலிப் பொடியே போதுமே என்று கேட்பவர்களுக்கு: 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் விதைப் பொடியையும் வழக்கமான மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். பொடி வேகமாக ஏறியது, நின்ற நேரமும் கூடுதல். ஆகவே விதையில் சரக்கு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே கொடுத்தது அளவு தெரிந்த தயாரிப்பு. கடையில் வாங்கும் பொடியில் டோபா எவ்வளவு என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். மாத்திரையும் போட்டுக்கொண்டு, மருத்துவருக்குச் சொல்லாமல் பொடியும் சாப்பிட்டால் அது ஒரே மருந்தை இரண்டு முறை எடுப்பது. உடல் நெளிவும் மனக்குழப்பமும் வந்து, காரணம் யாருக்கும் புரியாது. சாப்பிடுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

விதையைவிட வேரின் பக்கம்தான் என் கவலை அதிகம். ரெசர்பின் இன்று அநேகமாக வழக்கொழிந்துவிட்டது, ஆனால் மூளையின் டோபமைன் வேலையைத் தடுக்கும் மருந்துகள் எங்கும் புழங்குகின்றன. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு அப்படிப்பட்டது. வயிற்று உப்புசத்துக்கு மாதக்கணக்கில் தொடரும் லெவோசல்பிரைடு இன்னொன்று. பெரும்பாலும் அமிலம் குறைக்கும் மாத்திரையோடு ஒரே கேப்சூலாக வருவதால் உள்ளே அது இருப்பதே தெரியாது. தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. வயதானவர் இவற்றில் ஒன்றை நீண்ட நாள் சாப்பிட்டு, மெல்ல விறைத்து, பார்க்கின்சன் என்று பெயர் வாங்கி, அதற்கும் சேர்த்து மாத்திரை சாப்பிடுவது நம் ஊரில் அரிதல்ல. பார்க்கின்சன் இருப்பவருக்கே வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் இவற்றில் ஒன்று ஊசியாகப் போடப்பட்டால் ஒரே இரவில் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார். வாந்திக்கு அவருக்கு மாற்று உண்டு. டோம்பெரிடோன் மூளைக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை, இதயத்தைக் கவனித்துக் கொடுப்பார்கள். மருந்தால் வந்த விறைப்பு, மருந்தை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோருக்குக் கரைந்துபோகும். மனநோய் மருந்தை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. கொடுத்தவரிடம் பேசி மாற்ற வேண்டும். அப்பாவையோ அம்மாவையோ நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாளில், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், வயிற்றுக்கு வாங்கியதையும் விடாமல், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.